முறை வைத்து ஆடும் மாயாஜால வியூக விளையாட்டு: அடுத்த பாகத்தை எடைபோட முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம், கோபாலபுரம் வரை எங்கள் கேரள-தமிழ்நாடு எல்லைப்பகுதியில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் இப்போது விளையாடுவதோடு நிற்பதில்லை. புதிதாக வந்த கேமைப் பற்றித் தமிழில் பேசிப் பதிவு செய்கிறார்கள். எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். "வாங்கலாமா?" என்று கேட்டுக் காத்திருப்பவர்கள் பாலக்காட்டிலும் இருக்கிறார்கள், பொள்ளாச்சியிலும் இருக்கிறார்கள். அப்படி எடைபோடும் பலருடன் உட்கார்ந்து பார்த்ததில், எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். உழைப்புக்குக் குறைவில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது நகரம் கட்டி, படை சேர்த்து, மந்திரத்தோடு போரிடும் இந்த வகை விளையாட்டில் ஆட்டக்காரர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: முடிவெடுப்பது. ஆகவே அடுத்த பாகத்தை எடைபோடுவது என்றால், முந்தைய பாகத்தில் எடுத்த முடிவுகளில் எவை மிஞ்சின, எவை போயின, எவை புதிதாக வந்தன என்று கணக்கெடுப்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்குக்காகவே. வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முந்தைய பாகம் உங்கள் கணினியில் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம், பேனா, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். குறிப்புகளைத் தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம், விளையாட்டை விட்டு வெளியே போய்த் தட்டச்சு செய்யத் தொடங்கினால் அடுத்த சுற்றில் என்ன யோசித்தோம் என்பது மறந்துவிடும்.

இரண்டு கேமுக்கும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முகப்புத் திரையின் ஓரத்தில் இருக்கும். இந்த வகை விளையாட்டுகளில் ஒரு பேட்ச், அதாவது தயாரித்தவர்கள் பின்னால் அனுப்பும் திருத்தம், வந்தால் சில நேரம் படைகளின் பலமே மாறிவிடும். எந்தப் பதிப்பை ஆடினீர்கள் என்று சொல்லாத மதிப்பீடு ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குப் பயன்படாது.

தானாகச் சேவ் ஆகும் வசதியை ஒவ்வொரு சுற்றுக்கும் என்று மாற்றிவையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் காற்று வீசும்போது மின்சாரம் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. அது போக, பின்னால் வரும் சோதனைகளுக்குப் பழைய சுற்றுகளுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

2. முந்தைய பாகத்தை முதலில் ஆடுங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இதுதான். "அதைச் சின்ன வயதிலேயே முடித்துவிட்டேன்" என்பார்கள். நினைவில் இருப்பது அந்த விளையாட்டு தந்த மகிழ்ச்சி. அதன் இயக்கம் நினைவில் இருக்காது. மகிழ்ச்சியோடு புதியதை ஒப்பிட்டால் எந்தப் புதியதும் தோற்கும்.

ஒரு நடுத்தர வரைபடத்தில் பழைய பாகத்தை ஓர் ஆட்டம் முழுதாக ஆடுங்கள். ஆடும்போது, எங்கே கை நின்று யோசித்தது என்பதை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு 1999இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3. அதில் ஒரு நகரத்தில் நாளுக்கு ஒரு கட்டடம்தான் கட்டலாம். படைகள் வாரத்தின் முதல் நாளில் மொத்தமாகச் சேரும். கோட்டை கட்டி முடித்திருந்தால் அந்தச் சேர்க்கை இரட்டிப்பாகும். இந்த மூன்று விதியும் சேர்ந்தவுடன் ஆட்டக்காரருக்கு ஒரு கேள்வி பிறக்கிறது: ஏழாம் நாளுக்குள் கோட்டையைக் கட்டுவதா, படை சேரும் கட்டடமான புதிய படைவீட்டைக் கட்டுவதா, நாளுக்கு 4,000 பொன் தரும் தலைமை மாளிகைக்குச் சேர்த்துவைப்பதா? நோட்டில் எழுத வேண்டியது இந்த மாதிரிக் கேள்விகளை.

ஒரு பக்கம் நிறையக் கேள்விகள் கிடைத்ததும் நிறுத்தலாம். அந்தப் பக்கம்தான் உங்கள் அளவுகோல்.

3. எதனுடன் ஒப்பிடுகிறீர்கள் என்று முதலிலேயே தீர்மானியுங்கள்

ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 3, 2014 மார்ச் மாத இறுதியில் வந்தபோது அதில் ஆறு இனங்களும் ஆறு வகைத் தலைவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு கோல்டன் ரெல்ம்ஸ் என்ற விரிவாக்கமும் (கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் தொகுப்பு), 2015இல் எடர்னல் லார்ட்ஸ் என்ற விரிவாக்கமும் வந்து புதிய இனங்களையும் பிணங்களை எழுப்பும் மந்திரவாதி வகையையும் சேர்த்தன. இன்று ஒருவர் நினைவில் வைத்திருக்கும் "மூன்றாம் பாகம்" இந்த எல்லாம் சேர்ந்தது. 2023 மே மாதத்தில் வந்த நான்காம் பாகத்தின் முதல் நாள் பதிப்பை அதன் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

ஹீரோஸ் 3க்கும் இது பொருந்தும். முதலில் வந்தபோது எட்டு நகர வகைகள். ஒன்பதாவது நகரமும், கணினியே வரைபடம் உருவாக்கித் தரும் வசதியும் ஆர்மகெடான்ஸ் பிளேட் என்ற விரிவாக்கத்தோடுதான் வந்தன.

அதனால் இரண்டு ஒப்பீடுகள் வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. முதலாவது, வெளியான நாளில் இது எப்படி, வெளியான நாளில் அது எப்படி என்பது. தயாரித்தவர்களின் உழைப்பை எடைபோட இதுவே நியாயம். இரண்டாவது, இன்று அதே பணத்துக்கு எதை வாங்கினால் அதிகம் கிடைக்கும் என்பது. வாங்க நினைப்பவருக்கு வேண்டியது இரண்டாவது. பழைய பாகம் எல்லா விரிவாக்கங்களோடும் தள்ளுபடியில் கிடைக்கும் நேரத்தில், புதியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் காத்திருக்கச் சொல்வதில் தப்பில்லை.

4. முதல் இரண்டு மணி நேரத்தைத் திட்டமிட்டுச் செலவிடுங்கள்

கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதே விதி. இந்த விளையாட்டுகளில் ஓர் ஆட்டம் முடிய பத்து மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம். ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தில் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்கக் கூடியது ஒன்றுதான்: உங்கள் கணினியில் இது ஓடுமா?

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பயிற்சிப் பகுதியிலேயே நேரத்தைக் கரைத்துவிடுவது. பயிற்சி வரைபடம் சின்னது, எதிரிகள் குறைவு, எந்தக் கணினியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நேராகப் போய், இருப்பதிலேயே பெரிய வரைபடத்தையும் அதிக எதிரிகளையும் தேர்ந்தெடுத்து, பத்துப் பதினைந்து சுற்றுகளை வேகமாகத் தள்ளுங்கள். "சுற்றை முடி" என்ற பொத்தானை அழுத்தியதிலிருந்து உங்கள் முறை திரும்ப வரும் வரை எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஒரு பெரிய போரையும் திறந்து பாருங்கள். முகப்புத் திரையில் சும்மா விட்டு வைத்தாலும் கணக்கில் நேரம் ஏறும் என்பதால், தேநீர் குடிக்கப் போகும் முன் கேமை மூடிவிடுங்கள்.

நன்றாக ஓடினால், இனிமேல்தான் நிதானமாகப் பயிற்சிப் பகுதிக்குப் போக வேண்டும்.

5. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கேள்வியாக எழுதுங்கள்

"அண்ணா, ஓவியம் அருமை, வரைபடம் பெரியது, புதிதாக இரண்டு இனம் வந்திருக்கிறது" என்று ஒரு தம்பி சொன்னால் நான் கேட்பது இதுதான்: "சரி தம்பி, நேற்று எந்தச் சுற்றில் நின்று யோசித்தாய்? ஏன்?" பதில் வந்தால் அதில் மதிப்பீடு இருக்கிறது. வராவிட்டால் கேம் பெட்டியில் அச்சடித்த பட்டியலைத்தான் அவர் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் படியில் எழுதிய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிய பாகத்தை ஆடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே "இருக்கிறது", "போய்விட்டது", "மாறிவிட்டது" என்று எழுதுங்கள். போனதற்கு ஈடாக என்ன வந்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். இதில் அவசரம் வேண்டாம். மொத்த வேலையின் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது.

ஒரு மாற்றம் எத்தனை தூரம் பாயும் என்பதற்கு ஹீரோஸ் தொடரே நல்ல பாடம். 2002இல் வந்த நான்காம் பாகத்தில் படைகள் வாரத்துக்கு ஒருமுறை சேர்வதை மாற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேரும்படி செய்தார்கள். கேட்கும்போது சின்னத் திருத்தம். ஆனால் வார முதல் நாளுக்குள் நகரத்துக்குத் திரும்புவதா, இன்னும் ஒரு சுரங்கத்தைப் பிடித்துவிட்டு வருவதா என்ற அவசரம் அதோடு போய்விட்டது. ஏழாம் நாளுக்குள் கோட்டை என்ற கணக்கும் போய்விட்டது. மூன்றாம் பாகத்தில் தலைமை தாங்கும் நாயகன் இல்லாமல் படை நகராது. ஆகவே ஒரு நாயகனிடமிருந்து இன்னொருவருக்குப் படையைக் கைமாற்றி எல்லைக்குக் கொண்டுபோவதே ஒரு கலையாக இருந்தது. நான்காம் பாகத்தில் படைகள் நாயகன் இல்லாமலே நடக்கும், நகரத்திலிருந்து நகரத்துக்கு வண்டித் தொடராகவும் அனுப்பலாம்.

ஈடாக வந்தவை என்ன? நாயகனே போர்க்களத்தில் இறங்கி அடிபடுவான், அடிப்பான். அவனை எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு போரிலும் புதுக் கேள்வி. நகரத்தில் சில படிநிலைகளில் இரண்டு படைவீடுகளில் ஒன்றைத்தான் கட்ட முடியும். எடுத்த முடிவோடு கடைசி வரை வாழ வேண்டும். இப்படி வரிக்கு வரி எழுதிப் பார்த்தால், "நான்காம் பாகம் கெட்டுப்போய்விட்டது" என்று ஒரே வாயில் சொல்பவருக்கும் "அதுதான் சிறந்தது" என்பவருக்கும் எதில் மனம் பிரிந்தது என்று தெளிவாகத் தெரியும். வரைபடத்தில் ஓடும் வேகத்தை விரும்பியவருக்கு இழப்பு. போர்க்களத்தை விரும்பியவருக்கு வரவு. என் சொந்தக் கருத்து, வார அவசரத்தை எடுத்தது பெரிய இழப்பு. அந்த அவசரம்தான் மூன்றாம் பாகத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை வைத்தது.

2011இல் வந்த ஆறாம் பாகத்தில் வேறொரு வகைத் தவறை மதிப்பிடுபவர்கள் செய்தார்கள். வளங்களின் எண்ணிக்கை ஏழிலிருந்து நான்காகக் குறைந்தது: பொன், மரம், தாது, படிகம். "எளிமையாக்கிவிட்டார்கள்" என்று எழுதி விட்டுவிடுவது போதாது. பாதரசம், கந்தகம், மணிகள் தனித்தனியாக இருந்தபோது, எந்த நகரத்துக்கு எது தேவையோ அதைப் பொறுத்து எந்தத் தொலைதூரச் சுரங்கத்துக்கு முதலில் ஆள் அனுப்புவது என்ற கேள்வி ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். வளம் நான்கானதும் எல்லோருக்கும் எல்லாச் சுரங்கமும் ஒன்றுபோலத் தேவைப்படுகிறது. கூடவே, பிடித்த நகரத்தைத் தன் இனத்து நகரமாக மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தது. எதிரி நகரத்தைப் பிடித்தால் கலப்புப் படையோடு போவதா என்ற பழைய தலைவலியும் அதனால் தீர்ந்தது. தலைவலி தீர்ந்தது நல்லதா என்பதை ஆடுபவர் சொல்லட்டும். தீர்ந்துவிட்டது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

6. போரை மட்டும் தனியே பிரித்துச் சோதியுங்கள்

வரைபடம் ஒரு விளையாட்டு, போர்க்களம் இன்னொரு விளையாட்டு. அடுத்த பாகம் ஒன்றை வளர்த்து மற்றொன்றைத் தேயவிடுவது அடிக்கடி நடக்கும். 2002இல் வந்த டிசைப்பிள்ஸ் 2இல் படையினர் முன்வரிசை, பின்வரிசை என்று நின்ற இடத்திலேயே நின்று போரிடுவார்கள். யாரை எங்கே நிறுத்துவது என்ற முடிவு போருக்கு முன்பே முடிந்துவிடும். போர் சட்டென்று முடியும். மூன்றாம் பாகத்தில் அறுகோணக் கட்டங்களில் நடமாட விட்டார்கள். முடிவுகள் போருக்கு உள்ளே இடம்பெயர்ந்தன, ஒவ்வொரு போரும் நீண்டது. ஓர் ஆட்டத்தில் எத்தனை போர் வரும் என்பதோடு இந்த நீளத்தைப் பெருக்கிப் பார்க்காமல் இதை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

சோதிக்கும் முறை: சமபலமான ஒரு போருக்கு முன் சேவ் செய்யுங்கள். முதலில் கையால் ஆடுங்கள், இழப்புகளை எழுதுங்கள். பிறகு சேவ் செய்ததை ஏற்றி, கணினியே தானாக முடிக்கட்டும். கையால் ஆடியபோது இழப்பு கணிசமாகக் குறைந்தால் உங்கள் திறமைக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்க்களம் வெறும் காட்சி. தானாக முடிப்பதில் தேவையில்லாமல் நல்ல படையைப் பலிகொடுக்கிறது என்றால் அதுவும் குறைதான். ஐம்பதாவது சுற்றுக்குப் பிறகு எல்லாப் போரையும் கையால் ஆட யாருக்கும் பொறுமை இருக்காது. ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4இல் தானாக முடிந்த போர் பிடிக்காவிட்டால் அதையே திரும்பக் கையால் ஆடும் வசதி இருக்கிறது. இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெரிய போரையும் சின்னப் போரையும் இரண்டையும் சோதிக்க வேண்டும். அதே தொடரின் மூன்றாம் பாகத்தில் சுற்றியுள்ள கட்டங்களில் நிற்கும் ஏழு படைகள் வரை ஒரே போரில் மோதலாம்; நான்காம் பாகத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சின்னப் போரில் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

7. கணினி எதிராளியைச் சீண்டிப் பாருங்கள்

"எதிரி புத்திசாலி" என்று எழுதுவதற்கு முன் கடினநிலை எதை மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹீரோஸ் 3இல் மிகக் கடினமான நிலையில் ஆட்டக்காரர் ஒரு வளமும் கையில் இல்லாமல் தொடங்குவார். வேறு பல விளையாட்டுகளில் எதிரிக்குக் கூடுதல் வருமானம் கொடுத்துவிடுவார்கள். எதிரி யோசிக்கும் விதம் இரண்டிலும் அப்படியே இருக்கலாம்.

மூன்று சோதனைகள் போதும். எல்லை நகரம் ஒன்றில் காவலைக் குறைத்துவிட்டு, எதிரியின் பார்வை படும் தூரத்தில் இருந்து விலகுங்கள், வருகிறானா பாருங்கள். அடிபட்ட உங்கள் படையைப் பின்வாங்கச் செய்யுங்கள். துரத்துகிறானா, தன் நகரத்தைத் திறந்துபோட்டுவிட்டுத் துரத்துகிறானா பாருங்கள். கடைசியாக, அவனது நகரம் ஒன்றைப் பிடித்ததும் உள்ளே என்ன கட்டியிருக்கிறான் என்று பாருங்கள். வருமானம் வந்தும் தாழ்நிலைப் படைவீடுகளோடு நின்றிருந்தால் அவன் பொருளாதாரம் நடத்தவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு கடினநிலையை ஒரு படி ஏற்றி இதே மூன்றையும் செய்யுங்கள்.

முந்தைய பாகத்திலும் இவற்றைச் செய்தால்தான் ஒப்பீடு ஆகும். இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு, நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் பழைய எதிரியின் புத்தியைப் பற்றி எல்லோருக்கும் இருப்பது பெரும்பாலும் மிகைப்பட்ட நினைவு.

8. கடைசி வரை ஆடுங்கள்

முதல் முப்பது சுற்று எந்த வியூக விளையாட்டிலும் சுவையாகத்தான் இருக்கும். தெரியாத நிலம், குறைந்த படை, ஒவ்வொரு அடியிலும் ஆபத்து. குறைகள் பதுங்கியிருப்பது பிற்பகுதியில். வெற்றி உறுதியான பிறகும் மூலையில் கிடக்கும் கடைசி நகரத்தைத் தேடி இருபது சுற்று நடக்க வேண்டியிருக்கிறதா?

25, 50, 100 ஆகிய சுற்றுகளில் இரண்டு நேரங்களை எழுதுங்கள்: உங்கள் முறையை முடிக்க ஆன நேரம், கணினி தன் முறையை முடிக்க ஆன நேரம். அதோடு, அந்தச் சுற்றில் உண்மையிலேயே யோசித்து எடுத்த முடிவுகள் எத்தனை என்றும் எழுதுங்கள். நேரம் ஏறிக்கொண்டே போய் முடிவுகள் குறைந்துகொண்டே வந்தால், அந்த எண்களையே வாசகருக்குக் கொடுங்கள்.

ஆட்டத்தை முன்கூட்டியே முடிக்க வழி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 1994இல் வந்த மாஸ்டர் ஆஃப் மேஜிக்கிலேயே ஒரு பெரும் மந்திரத்தை ஓதி முடித்து வெல்லும் வழி இருந்தது. ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4இல் போர், நாட்டை விரிவாக்குதல், மந்திரம், புள்ளிகள் என்று பல வழிகள் இருக்கின்றன. எத்தனை வழி என்பதை எண்ணுவதோடு விடாமல், ஒன்றிலாவது போரில்லாமல் வென்று பாருங்கள்.

9. ஒரே கணினியில் முறை வைத்து ஆடுதல்

ஒரு வீட்டில் ஒரு கணினி, அண்ணன் தம்பி மூன்று பேர், பக்கத்து வீட்டு மலையாளத்துப் பையன் ஒருவன்: எங்கள் ஊரில் இந்த விளையாட்டுகள் வேர்பிடித்தது இப்படித்தான். ஹீரோஸ் 3இல் இணையமே இல்லாமல் ஒருவர் எழுந்து மற்றவர் உட்கார்ந்து ஆடலாம். புதிய பாகத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். வெளியூர் மதிப்பீடுகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

10. எழுத்தையும் எடைபோடுங்கள்

இங்கே பலர் தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ படித்தவர்கள். விளையாட்டு பேசுவதோ ஆங்கிலம். ஆகவே ஒரு படையின் மேல் சுட்டியை வைத்தால் வரும் குறிப்பு, எண்களைச் சொல்கிறதா, கதையைச் சொல்கிறதா என்பது எங்களுக்கு முக்கியம். "பயங்கரமான அடி" என்று எழுதியிருந்தால் அகராதி பார்த்தும் பயனில்லை. "12 முதல் 16 வரை" என்று இருந்தால் மொழியே தேவையில்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

11. தீர்ப்பை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்

பழைய பாகத்தை ஆடியவருக்கு ஒரு பத்தி, இந்தத் தொடரையே முதன்முதலாகத் தொடுபவருக்கு ஒரு பத்தி. இருவருக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம். 2021இல் வந்த கிங்ஸ் பவுண்டி 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2008இல் வந்த கிங்ஸ் பவுண்டி தி லெஜண்டில் வரைபடத்தை மேலிருந்து பார்த்துக் குதிரையில் விரைந்துகொண்டிருந்தோம், புதியதில் நாயகனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தபடி பெரும்பாலும் நடந்து ஊர் ஊராகப் போக வேண்டும். பழையவருக்கு அது கால்வலி. புதியவருக்கு அது அந்த உலகத்துக்குள் நுழையும் வாசலாகவே இருக்கலாம்.

பழைய ஆட்டக்காரருக்கான பத்தியில், ஐந்தாம் படியின் பட்டியலிலிருந்து போனவற்றில் பெரியவை மூன்றையும் வந்தவற்றில் பெரியவை மூன்றையும் எழுதினால் போதும். மதிப்பெண் போட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், போர், வரைபடம், எதிராளி, பிற்பகுதி என்று நான்குக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். போர்க்களத்துக்கு மட்டும் ஆடுபவருக்கு அந்தச் சராசரி எதையும் சொல்லாது.

கடைசி வரியில் பதிப்பு எண், வரைபடத்தின் அளவு, கடினநிலை, உங்கள் கணினியின் நினைவகம், செயலி ஆகியவற்றை எழுதுங்கள். பெரிய பேட்ச் வந்தால் ஏழாம், எட்டாம் படிகளை மட்டும் திரும்பச் செய்து, மாறியதைத் தேதியோடு கீழே சேருங்கள். திருத்தங்களில் பெரும்பாலும் மாறுவது எதிராளியின் நடத்தையும் பிற்பகுதியின் வேகமும்தான். போர்க்களத்தின் அடிப்படை விதிகளில் கைவைப்பது அரிது.